பளுவா, பஸ்கியா? கொஞ்சம் மரியாதைக் குறைவான ஒரு பயில்வான் சரித்திரம்

சண்டைக்காரன் உடம்பை எப்படி வளர்க்க வேண்டும் என்பதில் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. இரும்பைத் தூக்கு, அப்போதுதான் அடியில் கனம் இருக்கும் என்பது ஒரு கட்சி. ஆண்டவன் கொடுத்த உடம்பின் எடையே போதும், தண்டாலும் பஸ்கியும் எடு, இரும்பைத் தொட்டால் தசை இறுகிப்போய் முதுகு சொறியக்கூடக் கை எட்டாது என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் கொடி உண்டு, கோஷம் உண்டு, தியாகிகளும் துரோகிகளும் உண்டு. சங்கடம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கட்சித் தலைவர் வீட்டில் திடீர்ச் சோதனை போட்டாலும் பரணில் எதிர்க்கட்சியின் சரக்கு அகப்படுகிறது.

ஆதாரம் 2500 வருஷத்துக்கு இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போவோம்.

காளையைத் தின்றவர்

இரும்புக் கட்சியின் மூலவர் மைலோ. இத்தாலியின் தென்பகுதியில் கிரேக்கர்கள் குடியேறிய குரோட்டன் நகரத்துக்காரர். காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 6 பட்டம், அதில் முதலாவது சிறுவர் பிரிவில். பிறந்த கன்றுக்குட்டி ஒன்றைத் தினமும் தோளில் தூக்கி நடந்தார், கன்று வளர வளரத் தோளும் வளர்ந்தது, கடைசியில் முழுக் காளையையே தூக்கினார் என்பது கதை. வாராவாரம் கொஞ்சம் எடையைக் கூட்டு என்று சொல்லும் ஜிம் மாஸ்டர்கள் எல்லோருக்கும் இதுதான் ஸ்தல புராணம்.

கணக்குப் போட்டால் புராணம் உதைக்கிறது. பிறந்த கன்று 30, 40 கிலோ இருக்கும். நாளைக்கு அரைக் கிலோ ஏறினாலும் ஒரு வருஷத்தில் 200 கிலோவைத் தாண்டிவிடும். மனிதனின் பலம் ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கன்றுக்கு அந்தக் கவலை கிடையாது, அது பாட்டுக்குத் தின்று வளர்ந்துகொண்டே போகும். தவிர, பார்பெல் காலை உதறாது, தூக்குகிறவன் முதுகில் சாணி போடாது.

கதையின் பின்பாதியை மாஸ்டர்கள் சொல்வதில்லை. ஒலிம்பியாவில் நான்கு வயதுக் காளையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்த மைலோ, அப்புறம் அதை அறுத்து ஒரே நாளில் தனியாளாகத் தின்று முடித்தாராம். அதீனியஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். பயிற்சிக் கருவியையே சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்ட பயில்வான் உலக சரித்திரத்தில் இவர் ஒருவர்தான்.

ஏழாவது பட்டத்துக்கு இறங்கியபோதுதான் வினை வந்தது. எதிரே நின்றவன் அதே ஊர்ப் பையன் டிமாசிதியஸ். அவன் மைலோவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் வரவே இல்லை. காளை பாவம், பிடித்தால் நிற்கும். டிமாசிதியஸ் நிற்கவில்லை. கிழவருக்கு அந்தப் பட்டம் கிடைக்காமலே போயிற்று.

முடிவு இன்னும் பரிதாபம். காட்டில் யாரோ ஆப்பு வைத்துப் பிளந்துவிட்டுப் போயிருந்த மரத்தைப் பார்த்ததும் மைலோவுக்குக் கை துறுதுறுத்தது. வெறுங்கையால் பிளக்கப் போனார், ஆப்பு கழன்று விழுந்தது, கை மாட்டிக்கொண்டது, ராத்திரி ஓநாய்கள் வந்தன என்கிறார் பாஸானியஸ் என்ற இன்னொரு கிரேக்க எழுத்தாளர். ஆப்பசைத்த குரங்கின் கதை நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். உலகச் சாம்பியனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

கிரேக்கர்கள் கல்லையும் விட்டுவைக்கவில்லை. ஒலிம்பியாவில் கிடைத்த ஒரு கல்லின் எடை 143.5 கிலோ. பைபான் என்பவன் இதை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் எறிந்தான் என்று அதிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்னது பைபானா, பைபானின் மாமனாரா என்று கல் சொல்லவில்லை. நம் தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் வீசியவனுக்குத்தான் பெண் என்று சொல்லி வந்தார்கள். ஆனால் கல்லில் எவன் பெயரையும் வெட்டியதில்லை. கல்யாணமே பதிவேடு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கால் இல்லாத தலைவர்

பஸ்கிக் கட்சிக்கு மூலவர் போதிதர்மர். இவரிடம் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது இங்கே ஊன்றிய நம்பிக்கை. 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு அதைச் சந்தேகப்படுகிறவன் தமிழனே இல்லை என்றாகிவிட்டது. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 6ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. நமக்குச் சௌகரியம் இரண்டாவது, அதையே வைத்துக்கொள்வோம்.

ஷாவோலின் மடத்துக்கு வந்தார், தியானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நோஞ்சானாகிப் போயிருந்த பிக்குகளைப் பார்த்தார், மனம் நொந்து உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார், அதிலிருந்து குங்ஃபூ பிறந்தது என்பது கதை. அதே மனிதரைப் பற்றிய இன்னொரு கதை, குகைக்குள் 9 வருஷம் சுவரைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறது. அப்படி உட்கார்ந்ததில் காலே உதிர்ந்துவிட்டது என்று சொல்லி, ஜப்பானில் கால் இல்லாத தாருமா பொம்மை செய்து விற்கிறார்கள். பஸ்கிக் கட்சியின் தலைவருக்குக் கால் கிடையாது. இதைக் கட்சிக்குள் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அவர் எழுதியதாகச் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் யி ஜின் ஜிங். 628ஆம் ஆண்டு தேதியிட்டு லீ ஜிங் என்ற பெரிய தளபதி அதற்கு முன்னுரை தந்திருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் கிளறிப் பார்த்தார்கள். நூல் 1624ஆம் ஆண்டுச் சரக்கு. அந்த முன்னுரை, நூல் கைமாறி வந்த வரிசையில் சுருட்டைத் தாடி வீரன் ஒருவனையும் சேர்க்கிறது. அவன் ஒரு பழைய சீனக் கதையில் வரும் கற்பனைப் பாத்திரம். நம் வீட்டு நிலப்பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து ஆழ்வார்க்கடியான் நம்பி என்று இருந்தால் சார்பதிவாளர் என்ன செய்வாரோ, அதைத்தான் அறிஞர்கள் செய்தார்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். வெறும் உடம்பை வைத்தே எல்லாம் சாதித்த மடம் என்று பெயர் வாங்கிய ஷாவோலினில் அகப்பட்ட பொருள்: கல் பூட்டு. பூட்டு வடிவத்தில் செதுக்கி மேலே கைப்பிடி வைத்த கல். தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள், சுழற்றுவார்கள். இன்று ஜிம்மில் கெட்டில்பெல் என்று விற்பதற்குச் சித்தப்பா முறை.

அரசாங்கமே கல் தூக்கச் சொன்ன தேசம்

மடத்தில் ஒளித்து வைத்ததைச் சீன அரசாங்கம் பகிரங்கமாகவே செய்தது. 702ஆம் ஆண்டில் பேரரசி வூ ஸெட்டியான் ராணுவ உத்தியோகத்துக்குத் தேர்வு முறை கொண்டுவந்தார். சிங் வம்சத்துக்கு வரும்போது அதில் பலத்தைச் சோதிக்கும் பகுதி மூன்று பேப்பர் ஆகியிருந்தது: வில் வளை, வாள் சுழற்று, கல் தூக்கு. பெரிய கல் 300 ஜின், அதாவது ஏறக்குறைய 180 கிலோ. சுழற்ற வேண்டிய நீள்பிடி வாளில் பெரியது 120 ஜின், சுமார் 70 கிலோ. இந்த வாளைச் சண்டைக்கு யாரும் எடுத்துப் போனதில்லை. பரீட்சைக்கு மட்டும் உபயோகம், பாஸானதும் மறந்துவிடலாம். பரீட்சை எழுதி வளர்ந்த நம்மைப் போன்ற சமூகத்துக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

1900இல் பாக்ஸர் கலகக்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். மூச்சுப் பயிற்சியும் மந்திரமும் சேர்ந்தால் துப்பாக்கிக் குண்டு உடம்பில் இறங்காது என்று நம்பி வெளிநாட்டுப் படைகளின் முன்னால் நெஞ்சைக் காட்டினார்கள். குண்டு இறங்கியது. அடுத்த வருஷமே அரசாங்கம் கல் தூக்கும் பரீட்சையையும் ரத்து செய்தது. பளுவா, பஸ்கியா என்ற கேள்விக்குத் துப்பாக்கி சொன்ன பதில், இரண்டும் இல்லை.

ஒகினாவாவில் கராத்தேக்காரர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. கம்பின் ஒரு முனையில் கல்லைச் செருகிச் சுழற்றினார்கள், ஜாடியின் வாயை விரலால் கவ்வித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கோஜு ரியூ பாணியை நிறுவிய மியாகி சோஜுன் 1934இல் ஹவாய்க்குப் போனார். அங்கே மல்யுத்தக்காரர்கள் நீள்வட்ட இரும்பு வளையம் ஒன்றை வைத்துப் பழகுவதைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். கொங்கோகென் என்ற அந்தக் கருவியை இன்று கராத்தேப் பள்ளிகளில் புராதனப் பாரம்பரியம் என்று தொட்டுக் கும்பிடாத குறை. பாரம்பரியத்துக்கு வயது இன்னும் 100 ஆகவில்லை.

சிங்கத்துக்குக் கையுறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நம் பயில்வான்களின் கர்லாக்கட்டையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோய், இடுப்பளவில் இளைக்கவைத்து, சீமாட்டிகள் சுழற்றும் அளவுக்கு ஆக்கினார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் அது பதக்கப் போட்டியாகவே இருந்தது. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாமல் இருந்த மனிதர். பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவில் போன வண்டியைக் கைகாட்டி நிறுத்தி வீடு போய்ச் சேர்ந்தார் என்பார்கள். கட்டையும் நம்முடையது, கஷ்டமும் நம் ஊர் விளையாட்டு வீரனுடையது.

நாம் கட்டையை அனுப்பினோம், அவர்கள் சாண்டோவை அனுப்பினார்கள். பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ 1904, 1905 வாக்கில் இந்தியாவைச் சுற்றிவந்தார். உடம்பு பளிங்குச் சிலை மாதிரி. தமிழ்நாட்டில் உடம்பை முறுக்கியவர்கள் பெயருக்கு முன்னால் சாண்டோ ஒட்டிக்கொண்டது. படம் எடுத்த சின்னப்பா தேவர்வரைக்கும் அது நீடித்தது.

அசல் சாண்டோவின் வீரத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1894இல் சான் பிரான்சிஸ்கோவில் சாண்டோவுக்கும் சிங்கத்துக்கும் சண்டை என்று விளம்பரம் செய்து டிக்கெட் விற்றார்கள். சிங்கத்தின் வாய்க்குக் கட்டு, நான்கு காலுக்கும் கையுறை. சாண்டோ போய் சீண்டுகிறார், தூக்குகிறார், கீழே போடுகிறார். சிங்கம் கொட்டாவி விடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் காசைத் திருப்பிக் கேட்கும் மனநிலையில் வீட்டுக்குப் போனார்கள். சிங்கத்துக்குச் சண்டையில் விருப்பமில்லை என்றால் பளுப் பயிற்சியின் பலனை எப்படி அளப்பது?

இரும்புக் கட்சியில் நிஜமாகச் சண்டை போட்டவர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட். எஸ்டோனியாவில் பிறந்தவர், ரஷ்யச் சிங்கம் என்று பட்டம். எடை தூக்குவதிலும் சாதனை, மல்யுத்தத்திலும் உலகச் சாம்பியன். 1908இல் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச் என்ற அமெரிக்கருடன் மோதினார். 2 மணி நேரம் இழுபறி. கடைசியில் சிங்கம் போதும் என்று விலகிக்கொண்டது. காட்ச் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தான், பிடித்தால் வழுக்குகிறது, தலையால் முட்டுகிறான், கட்டை விரலால் கண்ணைத் தோண்டுகிறான் என்று புகார் பட்டியல் வாசித்தார். இத்தனை கிலோ தூக்கும் கைக்கும் எண்ணெய் வழுக்கத்தான் செய்யும். ஹாக்கன்ஷ்மிட் பிற்காலத்தில் தத்துவப் புத்தகங்கள் எழுதினார். காட்சிடம் 2 மணி நேரம் மாட்டியவர் வேறு எங்கே போவார்?

5000 பஸ்கியும் பரணில் இருந்த வளையமும்

இனி பஸ்கிக் கட்சியின் சக்கரவர்த்தி. குலாம் முகமது என்ற காமா பயில்வான், அமிர்தசரஸ் பக்கம் 1878இல் பிறந்தவர். பத்து வயதில் ஜோத்பூர் மகாராஜா நடத்திய பஸ்கிப் போட்டியில் நூற்றுக்கணக்கான பெரிய பயில்வான்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுந்து, கடைசிவரை நின்ற சிலரில் ஒருவரானார். சின்னப் பையன் என்பதற்காக மகாராஜா அவரையே வெற்றியாளர் ஆக்கினார். அப்புறம் பல நாள் எழுந்திருக்கவே முடியவில்லையாம். வளர்ந்த பிறகு தினம் 5000 பஸ்கி, 3000 தண்டால் என்பது அவர் பெயரோடு வரும் எண்ணிக்கை. யார் பக்கத்தில் நின்று எண்ணினார்கள் என்று கேட்டால் பயில்வான்கள் முறைப்பார்கள், கேட்காமல் மேலே போவோம்.

1910இல் லண்டன் போனார். உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அளவெடுக்கும் நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு, எந்த மூன்று பேர் வந்தாலும் அரை மணி நேரத்துக்குள் தூக்கிப் போடுகிறேன் என்று சவால் விட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலர் வந்தார், விழுந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி போலந்துக்காரர் ஸ்பிஷ்கோ வந்தார். காமாவைவிட உயரம், கனம். ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. குப்புறப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் காமா புரட்டப் பார்க்கிறார், ஸ்பிஷ்கோ விரிப்போடு ஒட்டிக் கிடக்கிறார். தரைக்கு உடல் எடைப் பயிற்சி கொடுத்த முதல் மனிதர் அவர்தான். சமன் என்று முடித்து ஒரு வாரம் கழித்து மறுபடி வைத்தார்கள். காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிஷத்துக்குள் கணக்கு தீர்ந்தது. இந்த முறை படுக்க நேரம் கிடைக்கவில்லை.

வெறும் உடம்பாலேயே உலகை வென்றவர் என்று காமா படத்துக்கு மாலை போடும் பஸ்கிக் கட்சியினர் பாட்டியாலாவுக்கு ஒருமுறை போய்வரலாம். அங்குள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் காமாவின் சொத்து ஒன்று இருக்கிறது: நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கல், எடை 95 கிலோ. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பஸ்கி எடுத்தாராம். பரோடா அருங்காட்சியகத்தில் இன்னொரு கல் இருக்கிறது. 1200 கிலோ கொண்ட இதை 1902இல் காமா தூக்கினார் என்கிறது அதிலுள்ள வாசகம். இரும்பும் அறிவியலும் கூடிய நம் காலத்தில் ஒரு மனிதன் தரையிலிருந்து தூக்கிய சாதனை 500 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. பைபான் கல்லை வெட்டிய ஆசாமியின் வாரிசு பரோடாவில் வேலை பார்த்திருக்கலாம். அதை விடுங்கள். கழுத்தில் 95 கிலோவை மாட்டிக்கொண்டு எடுக்கும் பஸ்கி எந்தக் கட்சிக் கணக்கில் வரும்?

தபாலில் வந்த தசை

இதுவரை நடந்ததெல்லாம் பங்காளிச் சண்டை. பகையாக மாறியது விற்பனைக்கு வந்த பிறகுதான்.

சார்லஸ் அட்லஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஆஞ்செலோ சிசிலியானோ 1920களில் அமெரிக்காவில் தபால் மூலம் தசை விற்றார். நோஞ்சான் பையன் முகத்தில் கடற்கரையில் ஒரு முரடன் மண்ணை உதைக்கிறான், காதலி ஏளனமாகப் பார்க்கிறாள், பையன் அட்லஸுக்குத் தபால் எழுதுகிறான், அடுத்த கட்டத்தில் முரடனுக்குக் குத்து. காமிக்ஸ் புத்தகங்களின் பின்னட்டையில் வந்த இந்த விளம்பரம் பல தலைமுறைப் பையன்களை ஆட்டிவைத்தது. கருவியே வேண்டாம், தசையைத் தசையோடு முட்டவிட்டால் போதும், மிருகக்காட்சிசாலையில் சிங்கம் சோம்பல் முறிப்பதைப் பார்த்துக் கற்றேன் என்றார் அட்லஸ். சிங்கம் டம்பெல்லா தூக்குகிறது என்று கேட்டார். சிங்கம் தபாலில் பாடமும் விற்பதில்லை.

எதிரே பாப் ஹாஃப்மன். யார்க் பார்பெல் கம்பெனி முதலாளி. இரும்பு தொடாமல் அந்த உடம்பு வந்திருக்கவே முடியாது, எல்லாம் புருடா என்று எழுதித் தள்ளினார். விவகாரம் 1930களில் அமெரிக்க வணிக ஆணையம்வரை போய், அட்லஸுக்குச் சாதகமாக முடிந்தது. ஒருவர் பார்பெல் விற்கிறார், இன்னொருவர் பார்பெல் வேண்டாம் என்பதை விற்கிறார். கவனிக்க வேண்டிய விஷயம், இருவரில் எவரும் சண்டைக்காரர் இல்லை.

இரும்பு தூக்கினால் தசை இறுகி ஆள் மந்தமாகிவிடுவான் என்ற பயம் அப்போது அமெரிக்கா முழுக்க இருந்தது. குத்துச்சண்டை வாத்தியார்கள் இரும்பு இருக்கும் அறையின் பக்கமே பையன்களை விடமாட்டார்கள். 1940இல் ஹாஃப்மன் தன் ஆட்களோடு ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரிக்கு வந்து செயல்விளக்கம் காட்டினார். உடலியக்க அறிஞர் பீட்டர் கார்போவிச் எழுந்து, மேடையிலிருந்த ஜான் கிரிமெக்கிடம் மிக மரியாதையாக ஒரு விண்ணப்பம் வைத்தார்: உங்கள் முதுகைச் சொறிந்து காட்ட முடியுமா?

மிஸ்டர் அமெரிக்கா பட்டக்காரரான கிரிமெக் முதுகில் எங்கே அரிப்பு என்றும் கேட்கவில்லை. எல்லா இடத்தையும் சொறிந்து காட்டினார். போதாதென்று இரு காலையும் அகல விரித்துத் தரையோடு தரையாக உட்கார்ந்தார். கார்போவிச் நேர்மையான மனிதர். அத்தோடு விடாமல் கருவி செய்து அளந்தார். 1951இல் அவரும் வில்லியம் சோர்பஸும் வெளியிட்ட ஆய்வில், கைப்பிடியைச் சுழற்றும் வேகத்தில் எடை தூக்குகிறவர்களே முந்தினார்கள். தசை இறுகும் என்ற வாதம் ஆய்வுக்கூடத்தில் செத்தது. தெருவில் இன்னும் சாகவில்லை. நம் ஊரில் பையன் ஜிம்மில் சேர்ந்த அன்றைக்கே, பாத்துடா, உடம்பு இறுகிடும் என்று சொல்ல ஒரு பெரியப்பா இருக்கிறார்.

சரியாக உடல் எடை

இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் உரிமை கொண்டாடும் ஒரே தலைவர் புரூஸ் லீ. இரண்டு விரலில் தண்டால் எடுக்கும் படத்தைப் பஸ்கிக் கட்சி மாட்டி வைத்திருக்கிறது. முதுகை விரித்து நிற்கும் படத்தை இரும்புக் கட்சி மாட்டி வைத்திருக்கிறது.

ஓக்லாந்தில் வோங் ஜாக் மன் என்ற குங்ஃபூக்காரரோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சண்டை நடந்தது. மூன்று நிமிஷத்தில் லீ ஜெயித்தார் என்பது லீயின் மனைவி லிண்டா சொன்னது. இல்லை, இருபது நிமிஷத்துக்கு மேல் நடந்தது, யாரும் ஜெயிக்கவில்லை என்பது எதிர்த்தரப்பு. இரு தரப்பும் ஒத்துக்கொள்வது, வோங் ஓடினார், லீ துரத்தினார் என்பதை ஒட்டிய ஏதோ ஒன்று. சண்டை முடிந்ததும் லீக்கு மூச்சு வாங்கியது. அதுதான் அவரைச் சுட்டது. ஓடுகிறவனைப் பிடிக்க முடியாத மைலோவின் வியாதி. அதற்கப்புறம் ஓட்டம், சைக்கிள், கயிறு, எடை எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தார். எடை தூக்கச் சொல்லிக்கொடுக்க ஜேம்ஸ் லீ, ஆலன் ஜோ என்ற நண்பர்கள் இருந்தார்கள். காமாவைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து நம் தண்டாலையும் சேர்த்துக்கொண்டார்.

1970இல் ஒருநாள் பார்பெல்லைத் தோளில் வைத்து இடுப்பில் குனிந்து நிமிரும் பயிற்சியைச் செய்தார். உடம்பைச் சரியாகச் சூடேற்றிக்கொள்ளவில்லை என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே நரம்பு அடிபட்டது. இனி உதைக்கவே முடியாது என்றார்கள் வைத்தியர்கள். பல மாதம் படுக்கை. பார்பெல்லின் எடை 135 பவுண்டு, 61 கிலோ. லீயின் எடையும் ஏறக்குறைய அதுவே. உடல் எடையா, பளுவா என்ற வழக்கில் விதி தராசைப் பிடித்து இவ்வளவு கச்சிதமாக நிறுத்தியது வேறு எங்கும் இல்லை.

படுத்திருந்தபடி குறிப்பேடுகளை நிரப்பினார். அவர் மறைந்த பிறகு 1975இல் வந்த ‘டாவ் ஆஃப் ஜீத் குனே டோ’ புத்தகத்துக்கு அந்தக் குறிப்புகளும் உரம். வைத்தியர் பேச்சை மீறி எழுந்து, அடுத்த மூன்று வருஷத்தில் உலகத்தையே உதைத்தார். முதுகு வலி கடைசிவரை போகவில்லை. எடையைக் கைவிடவும் இல்லை, குனிந்து நிமிரும் அந்த ஒன்றைத்தான் விட்டார். பார்பெல் மேல் பழி போட்டுக் கட்சி மாறவில்லை என்பதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம்.

ஒல்லித் தம்பி, தடித்த அண்ணன்

1993இல் டென்வரில் முதல் யூஎஃப்சி சண்டைப் போட்டி நடந்தது. எடைப் பிரிவு கிடையாது, யாரும் யாரோடும் மோதலாம். பிரேசிலின் ராய்ஸ் கிரேசி, சுமார் 80 கிலோ, பள்ளி ஆசிரியர் போன்ற தோற்றம். தன்னைவிடக் கனமாக வந்தவர்களை ஒவ்வொருவராகத் தரையில் தள்ளித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். பஸ்கிக் கட்சி பட்டாசு வெடித்தது: பார்த்தீர்களா, உத்திதான் முக்கியம்!

உத்தி முக்கியம்தான். ஆனால் கிரேசி வீட்டிலும் சோதனை போடலாம். அவர்கள் குடும்பத்தின் பெரிய சண்டைக்காரர் அண்ணன் ரிக்சன். தேக்கு மரத்தில் கடைந்த மாதிரி உடம்பு. போட்டியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான மூத்த அண்ணன் ரோரியன் அவரை இறக்கவில்லை. ஒல்லியானவன் ஜெயித்தால்தான் பாடம் விற்கும். அட்லஸின் கடற்கரைக் கதையே மறுபடியும், இந்த முறை நேரடி ஒளிபரப்பில். அதே குடும்பத்தின் தந்தை எலியோ 1951இல் ரியோவில் தன்னைவிடக் கனமான ஜப்பானிய ஜூடோக்காரர் கிமுராவிடம் கை உடைபட்டிருக்கிறார். தோற்ற கையோடு அந்தப் பிடிக்கே கிமுரா என்று பெயர் நிலைத்தது. 2006இல் மாட் ஹியூஸ் என்ற இல்லினாய்ப் பண்ணை வீட்டு மல்யுத்தக்காரர், கிரேசிகளின் உத்தியையும் படித்துக்கொண்டு, பலத்தையும் வைத்துக்கொண்டு, ராய்ஸை முதல் சுற்றிலேயே முடித்தார். எல்லோருக்கும் உத்தி தெரிந்துவிட்டால் யாருக்குப் பலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்சிக் கொடிகளை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தால் விவகாரம் சின்னது. தண்டால் எடுக்கும்போது கையில் இறங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஐம்பது எடுக்கப் பழகியவனுக்கு ஐம்பத்தொன்றாவது தண்டால் தம்மைக் கூட்டுமே தவிர குத்தின் கனத்தைப் பெரிதாகக் கூட்டாது. கனம் வேண்டுமென்றால் சுமை ஏற வேண்டும். கால், இடுப்பு, முதுகு இவற்றுக்குச் சுமையைக் கிலோ கிலோவாக ஏற்ற இரும்பைப் போல் சுலபமானது வேறில்லை. மறுபக்கம், கயிறு ஏறுகிறவனும் புல்-அப்ஸ் எடுக்கிறவனும் தன் உடம்பைத் தானே ஆள்கிறான். கோதாவில் முதலில் தூக்க வேண்டியது எதிராளியை அல்ல, களைத்துப்போன தன்னைத்தான். எடைப் பிரிவும் ஒரு கணக்கு. 70 கிலோப் பிரிவில் நிற்பவன் ஆசையாகத் தசை ஏற்றிக்கொண்டால், 77 கிலோப் பிரிவில் பிறவியிலேயே பெரியவர்கள் காத்திருப்பார்கள். அதனால்தான் விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள், குறைந்த எண்ணிக்கையில் கனமாகத் தூக்கச் சொல்கிறார்கள். நரம்பு தசையை இழுத்து வேலை வாங்கப் பழகும், உடம்பு அவ்வளவாக ஊதாது. மிச்ச நேரமெல்லாம் சண்டைப் பழக்கத்துக்கு. நேற்றுத் தூக்கிய வலியில் இன்று கை தூக்க முடியாமல் பயிற்சிச் சண்டையில் அடி வாங்கினால் அந்தப் பளு யாருக்காகத் தூக்கியது?

இவ்வளவு சுலபமான விஷயத்தைப் புத்தகமாகவும் தபாலாகவும் பாடமாகவும் விற்க முடியாது. அதனால் கட்சிகள் இருக்கத்தான் செய்யும். நாளைக்கே யாராவது வந்து இரும்பு விஷம் என்றோ, பஸ்கி குழந்தைகளுக்கு என்றோ பயமுறுத்திக் கட்டணம் கேட்டால் கோபப்பட வேண்டாம். பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, “மாஸ்டர், நீங்க வீட்ல என்ன பண்றீங்க?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வர ஒரு விநாடி தாமதமானால் பரணில் ஒரு வளையம் இருக்கிறது என்று அர்த்தம். கட்டணத்தில் பாதியைக் குறைத்துக் கேட்கலாம்.